மேற்படிப்பும் தங்குமிடமும்

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இச்சங்கத்தை நாம் தொடங்கியபோது நம்முன் நின்ற கேள்வி, நம் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு வரையிலேனும் பள்ளியில் நிறுத்தி வைப்பது எப்படி என்பதே. மாலை வகுப்புகள் நடத்தினோம். நோட்டுப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தோம். சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் நாள் முழுதும் காத்து நின்றோம். அக்கேள்விக்கு ஓரளவு விடை கண்டுவிட்டோம். இன்று நம் தெருக்களில் பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஆனால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. அது இடம் மாறி நிற்கிறது. "சேப்பாக்கத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது. நான் எங்கே தங்குவது?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

இடம் கிடைத்தும் தங்க வழியில்லாமல் மேற்படிப்பைக் கைவிட்டவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். தங்குமிடம் என்பது கல்விக்குப் புறம்பான செய்தியென்றும், அது அந்தந்த வீட்டின் தலைவலியென்றும் நாம் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் தவறு என்பதையே இவ்வுரையில் எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

அண்ணலுக்கும் நேர்ந்த கேள்வி

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். அவர் பெற்ற பட்டங்களை அடுக்கிச் சொல்கிறோம். அப்பட்டங்களைப் பெற்ற காலத்தில் அவர் எங்கே தங்கினார் என்று நாம் கேட்பதில்லை. 1913ஆம் ஆண்டு பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் விடுதியில் தங்கினார். நவல் பதேனா என்னும் பார்சி நண்பருடன் அறையைப் பகிர்ந்துகொண்டார். பின்னர் இலண்டனில் பயின்றபோது 1921, 1922ஆம் ஆண்டுகளில் கிங் ஹென்றிஸ் சாலையில் 10ஆம் எண் வீட்டில் ஓர் அறை அவருக்குக் கிடைத்தது. அவ்வீட்டை 2015ஆம் ஆண்டு மகாராட்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவில்லமாக்கியது.

அயல்நாட்டில் கிடைத்த அறை தாயகத்தில் கிடைக்கவில்லை. 1917ஆம் ஆண்டு பரோடா அரசில் பணியேற்கச் சென்றவருக்கு அந்நகரில் எவரும் வீடு தரவில்லை. தம் பெயரை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த ஒரு கூட்டம் அவரை அங்கிருந்து வெளியேற்றியது. அடைக்கலம் கேட்டுச் சென்ற இரு நண்பர்களும் ஏற்கவில்லை. ஒரு பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். கொலம்பியாவில் பயின்ற அறிஞருக்கே தலைசாய்க்க இடமில்லாது போயிற்று என்றால், காட்டுப்பள்ளியிலிருந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படும் பிள்ளைக்கு நகரம் எளிதில் கதவு திறக்கும் என்று எதிர்பார்க்கலாமா?

இந்த அனுபவத்திலிருந்து அண்ணல் ஒரு முடிவுக்கு வந்தார் என்றே நாங்கள் கருதுகிறோம். 1924ஆம் ஆண்டு அவர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அச்சபை 1925 சனவரியில் சோலாப்பூரில் மாணவர் விடுதியைத் திறந்தது. சித்தார்த்தா கல்லூரி தோன்றியது 1946ஆம் ஆண்டில்தான். கல்லூரி கட்டுவதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே விடுதி கண்டார் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அவருக்கு முன்னரும் இவ்வுண்மையை அறிந்தோர் இருந்தனர். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் 1908ஆம் ஆண்டிலேயே தீண்டப்படாதோர் எனப்பட்ட மாணவருக்கென விடுதி ஏற்படுத்தினார். நம் தமிழ்நாட்டில் சுவாமி சகசானந்தர் 1916ஆம் ஆண்டு சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, ஊர்விட்டு வந்த பிள்ளைகள் தங்கிப் பயில வழி செய்தார். பெருந்தலைவர் எம்.சி. ராசாவின் பெயரை இன்றும் சென்னையில் தாங்கி நிற்பது சைதாப்பேட்டையிலுள்ள மாணவர் விடுதியே. நம் முன்னோர்கள் பள்ளியையும் விடுதியையும் ஒன்றாகவே எண்ணினார்கள்.

எந்தப் படியில் சறுக்குகிறோம்?

பட்டம் பெறும் வரையில் அரசின் உதவிகள் சில உண்டு. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் மாணவியருக்கு 2022ஆம் ஆண்டிலிருந்து புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024ஆம் ஆண்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. இளங்கலை முடிந்தவுடன் அது நின்றுவிடும்.

ஆய்வுப் படிப்பை எட்டியவருக்கும் உதவி உண்டு. தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. விடுதி கிடைக்காதவருக்கு வீட்டு வாடகைப் படியும் சேரும். பட்டியல் சாதியினருக்கெனத் தனி தேசிய ஆய்வு உதவித்தொகையும் இருக்கிறது. முழுநேர ஆய்வு செய்யும் நம் பிள்ளைகளுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது.

இவ்விரண்டுக்கும் இடையிலே இருப்பது முதுகலையின் இரண்டு ஆண்டுகள். அந்தப் படியில்தான் நாம் சறுக்குகிறோம். மேல்படிப்புக்கான மைய அரசின் உதவித்தொகைத் திட்டம் 1944ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் குறைகளை அண்ணல் 1942ஆம் ஆண்டில் வைசிராயிடம் எழுதிக் கொடுத்ததன் தொடர்ச்சி அது. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது உரியது. 2021ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, தொழிற்கல்வி அல்லாத எம்.ஏ., எம்.எஸ்ஸி. போன்ற முதுகலைப் படிப்புகளுக்குரிய படித்தொகை, விடுதியில் தங்கினால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். வீட்டிலிருந்து சென்று வந்தால் 3,000 ரூபாய். பன்னிரண்டு மாதத்திற்குப் பங்கிட்டால் ஒன்று மாதம் 500, மற்றது 250. மாதம் 250 ரூபாயில் சென்னை நகரில் ஒருவர் எத்தனை நாள் உண்ண முடியும் என்பதை இங்குள்ள தாய்மார்கள் எங்களைவிட நன்கு அறிவார்கள்.

உள்ள வழிகள்

ஆகவே இருக்கின்ற வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்ப்போம்.

முதல் வழி, நாள்தோறும் ஊரிலிருந்து சென்று வருவது. கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயில் மீஞ்சூர் வழியே செல்கிறது. பட்டியல் சாதி மாணவருக்கு ரயில் பருவச் சீட்டில் 75 விழுக்காடு சலுகை உண்டு. கல்லூரித் தலைவரிடம் சான்று பெற்று நிலையத்தில் கொடுக்க வேண்டும். 2021ஆம் ஆண்டிலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். செலவு குறைவு என்பதில் ஐயமில்லை. பொன்னேரி அரசுக் கல்லூரிக்கோ, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயர் கல்லூரிக்கோ, வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரிக்கோ செல்பவருக்கு இவ்வழி பொருந்தும். ஆனால் சேப்பாக்கம், கிண்டி, தரமணி என்று செல்பவருக்கு நிலைமை வேறு. காட்டுப்பள்ளியிலிருந்து மீஞ்சூர் சேருமுன்பே கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் பேருந்து நின்றுவிடுகிறது. ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்திற்குக் குறையாது. நூலகம் மாலையிலும் திறந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் வேலை இரவு வரை நீளும். நம் பிள்ளையோ நான்கு மணிக்கே கடைசிப் பேருந்தை நினைத்துப் பையை எடுக்கிறான். பணத்தில் மிச்சம் பிடிப்பது படிப்பில் செலவாகிவிடுகிறது.

இரண்டாவது வழி, அரசின் ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதிகள். 2025 சூலையில் அரசு விடுதிகள் அனைத்திற்கும் சமூக நீதி விடுதிகள் என்று பெயரிடப்பட்டது. இங்கே இருப்பிடமும் உணவும் இலவசம். முதுகலை மாணவரும் சேரலாம். இவ்வழியை நம்மவர்கள் முதலில் நாட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் நம்மில் பலர் இரண்டு பிழைகள் செய்கிறோம். கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து விடுதியைத் தேடுவது முதற் பிழை. அதற்குள் இடம் நிரம்பிவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, கல்லூரிச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தேர்வு முடிவு வருமுன்பே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். "அங்கே இருக்க முடியாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போய்ப் பாராமலே விட்டுவிடுவது அடுத்த பிழை.

விடுதிகளில் குறையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கல்லூரி மாணவருக்கான மாத உணவுப் படி 2023ஆம் ஆண்டில் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்கு மூன்று வேளைக்கும் சேர்த்து 50 ரூபாய் என்பதே அதன் பொருள். கழிவறை, குடிநீர், இட நெருக்கடி பற்றி மாணவர்கள் பல காலமாகப் போராடி வருகிறார்கள். அப்போராட்டங்கள் பயன் தராமலும் போகவில்லை, சைதாப்பேட்டை எம்.சி. ராசா விடுதிக்குப் பல தளங்கள் கொண்ட புதிய கட்டடம் 2025ஆம் ஆண்டில் எழுந்துவிட்டது. குறையுள்ள விடுதியை விட்டு நாம் விலகினால் இடம் காலியாகும். குறை அப்படியே இருக்கும். உள்ளே இருந்து கேட்பவருக்கே உரிமை மிகுதி.

மூன்றாவது வழி, கல்லூரியோ பல்கலைக்கழகமோ நடத்தும் விடுதி. படிப்புக்கு அருகிலேயே இருப்பது இதன் சிறப்பு. உணவுக் கட்டணமே இதன் சுமை. சேரும்போதே முன்பணம் கட்டச் சொல்வார்கள்; உதவித்தொகையோ பல மாதம் கழித்து வரும். இந்த இடைவெளியைக் கடக்க முடியாமல் வெளியேறியவர்கள் பலர். வங்கிக் கல்விக் கடனில் விடுதிக் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கலாம் என்பதைப் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆயினும் கடன் என்பது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

வாடகை அறையும் ஒரு கேள்வியும்

நான்காவது வழி, வாடகைக்கு அறை எடுப்பது. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் நெடுங்காலமாக வெளியூர் இளைஞருக்கு இடம் தந்து வருகின்றன. சேப்பாக்கமும் மாநிலக் கல்லூரியும் நடந்து செல்லும் தூரம். இராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பகுதிகளில் மூவர் நால்வர் சேர்ந்து சிறு வீடு எடுப்பதும் உண்டு. வாடகையைப் பங்கிட்டு, சமையலையும் முறைவைத்துச் செய்தால் தனி அறையைவிடச் செலவு வெகுவாகக் குறையும்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி வழிமறிக்கிறது. இச்சங்கம் தோன்றிய காலத்தில் எங்களில் மூவர் முதுகலை பயில நகரம் சென்றோம். வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறை பிடித்திருந்தது. வீட்டுக்காரர் வாடகையைச் சொன்னார், ஒப்புக்கொண்டோம். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னோம். "ஊரா, காலனியா?" என்றார். அதற்கும் உள்ளதைச் சொன்னோம். மறுநாள் முன்பணத்தோடு சென்றபோது, அறையை உறவினருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "வாடகைக்கு விடப்படும்" என்ற அட்டை அதன் பிறகும் பதினைந்து நாள் அந்த வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்களில் இருவருக்கு அவ்வாண்டு அரசு விடுதியில் இடம் கிடைத்தது. மூன்றாமவர் வேதியியல் மாணவர். எங்கள் மூவரில் அவரே கெட்டிக்காரர். இடம் கிடைக்காமல் ஊரிலிருந்தே சென்று வந்தார். செய்முறை வகுப்பு முடிந்து வீடு சேர இரவு பத்து மணியாகும். அடுத்த பருவத் தேர்வுக்கு முன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கண்டெய்னர் கிடங்கில் கணக்கெழுதச் சேர்ந்தார். அவர் இன்று இந்த அவையிலே அமர்ந்திருக்கிறார். அவர் அனுமதி பெற்றே இதைச் சொல்கிறோம்.

அந்தக் கேள்வி இன்று வேறு உருவத்தில் வருகிறது. "சைவ உணவினருக்கு மட்டும்" என்று அட்டை தொங்குகிறது. அப்பாவின் பெயரையும் தெருவின் பெயரையும் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். பொதுமக்களுக்காகவோ அவர்களில் ஒரு பிரிவினருக்காகவோ நடத்தப்படும் விடுதியில் தீண்டாமையின் பேரால் இடம் மறுப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் தனி வீட்டுக்காரர் புன்னகையோடு "கொடுத்துவிட்டோம்" என்று சொல்லும்போது சட்டத்தின் கை அவ்வளவு எளிதில் எட்டுவதில்லை. இதைக் கேட்டு நம் பிள்ளைகள் ஊரையும் பெயரையும் மறைக்கக் கற்றுக்கொள்ள வேண்டாம். மறைத்து வாழும் இரண்டு ஆண்டுகளில் பாடம் மனத்தில் ஏறாது.

அறை கிடைத்தவர்கள் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் நெடுநாளையது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆகவே ஒப்பந்தத்தைப் படித்துப் பாராமல் கையெழுத்திடாதீர்கள். கொடுத்த பணத்திற்கு இரசீது வாங்குங்கள்.

பெண் மக்களைப் பற்றித் தனியே ஒரு சொல். "வயது வந்த பெண்ணை எங்கே விடுவது?" என்னும் அச்சத்தாலேயே பல வீடுகளில் மேற்படிப்பு நின்றுபோகிறது. அச்சம் நியாயமானதே, படிப்பை நிறுத்துவது அதற்கு மருந்தாகாது. தனியார் நடத்தும் மகளிர் விடுதிகள் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது பெற்றோரின் உரிமை. அரசு மகளிர் விடுதியையும் நேரில் சென்று பாருங்கள்; காப்பாளரிடம் பேசுங்கள். நம் ஊரிலிருந்து இருவராகவோ மூவராகவோ ஒரே விடுதியில் சேர்த்தால் அச்சத்தில் பாதி குறையும்.

ஐவர் சேர்ந்தால் ஒரு விடுதி

இனி எங்கள் வேண்டுகோளுக்கு வருகிறோம். மைய அரசின் மேல்படிப்பு உதவித்தொகை நெறிமுறையில் நம்மவர் பலரும் கவனிக்காத ஒரு விதி இருந்து வந்தது. 2010ஆம் ஆண்டு நெறிமுறையிலும் அதைக் காணலாம். கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காத மாணவர்கள் குறைந்தது ஐவர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பொதுச் சமையலோடு வாழ்ந்தால், கல்வி நிலையத்தின் தலைவர் பார்வையிட்டு ஒப்புதல் தந்த பின் அவ்வீட்டையும் விடுதியாகக் கருதலாம் என்பதே அவ்விதி. அவ்வாறு ஒப்புதல் பெற்றவர்கள் விடுதி மாணவருக்குரிய தொகையைக் கேட்கலாம். இதை எழுத்து வடிவில் கல்லூரித் தலைவரிடம் கேட்க வேண்டும். தனி மாணவன் கேட்டால் விண்ணப்பம் மேசையில் கிடக்கும். சங்கம் கேட்டால் பதில் வரும்.

தொகை சிறியதுதான். ஆனால் அவ்விதியில் அடங்கிய கருத்து பெரியது. ஐவர் சேர்ந்து ஒழுங்காக வாழும் வீடு ஒரு விடுதி. வெள்ளி விழாவின் நினைவாக நாம் ஏன் அத்தகைய ஒரு வீட்டை ஏற்படுத்தக் கூடாது? மின்சார ரயில் பாதையை ஒட்டி, தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ, சங்கத்தின் பெயரிலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்போம். சங்கம் கையெழுத்திடும்போது, தனியே செல்லும் பிள்ளையிடம் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு இடமில்லை. முன்பணம் சங்கத்துடையது, ஒரு மாணவர் படிப்பை முடித்துச் சென்றால் அடுத்தவர் வருவார், பணம் அங்கேயே இருக்கும். வாடகையில் ஒரு பங்கை மாணவர் தரட்டும். மறு பங்கை நாம் தருவோம்.

பணத்திற்கு எங்கே போவது என்று கேட்கலாம். விருதுநகர் நாடார் மக்கள் பிடியரிசி திரட்டியும் மகமை வசூலித்தும் பள்ளிக்கூடங்களை வளர்த்த வரலாறு நாடறிந்தது. வீடுதோறும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள். நம்மில் இருநூறு குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் எடுத்து வைத்தால் 10,000 ரூபாய் சேரும். நம் குடும்பங்களின் நிலை எங்களுக்குத் தெரியாததன்று. துறைமுகமும் அனல் மின் நிலையமும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் நம்மைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றில் நம்மவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி வேலையே. அதனால்தான் சொல்கிறோம். வாயிற்காவலும் துப்புரவும் தாண்டி, அதே நிறுவனங்களில் பொறுப்புள்ள பதவிகளில் நம் பிள்ளைகள் அமர வேண்டுமானால் முதற் பட்டத்தோடு நிற்க முடியாது.

இரண்டு நிபந்தனைகளையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். ஒன்று, இவ்வீடு அரசு விடுதிக்கு மாற்றாக அமையக் கூடாது. அரசு விடுதி நம் உரிமை; அதை முழுமையாகப் பெற்ற பின்னும் இடமின்றி நிற்பவருக்கே இவ்வீடு. மற்றொன்று, ஆண்பிள்ளைகளுக்கு முதலில், பெண்களுக்குப் பிறகு பார்க்கலாம் என்று நாம் தள்ளிப்போடக் கூடாது. முதல் வீடு பெண் மக்களுக்கே உரியதாகட்டும் என்பது எங்கள் விருப்பம். தாய்மார்கள் இதை ஏற்பார்கள் என்று நம்புகிறோம்.

மாணவச் செல்வங்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். இவ்வுதவியைப் பெற்று உயர்ந்த பின், உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு ஓர் ஆண்டு வாடகைப் பங்கையேனும் தருவோம் என்று உறுதி கொள்ளுங்கள். நகரில் நல்ல வீட்டில் குடியேறும் நாளில், ஊரிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு வரும் பிள்ளை இரண்டு இரவு தங்க உங்கள் கூடத்தில் ஒரு பாய் இருக்கட்டும்.

வேதியியலை விட்டுக் கிடங்கில் சேர்ந்த எங்கள் நண்பரைப் பற்றிச் சொன்னோம். அவருடைய மகள் இவ்வாண்டு வேதியியலில் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்கிறாள்; முதுகலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். தந்தை கேட்ட கேள்வியையே மகளும் கேட்கிறாள். அன்று எங்களிடம் பதில் இல்லை. கல்லூரி திறக்கும் நாளுக்குள் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை இந்த அவைக்கு உண்டு. இன்று மாலை நடைபெறும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஜெய் பீம்!